நாலாம் பாத்தியில் களைச் சாகுபடி

கெமிஸ்ட்ரி சார் காலை எட்டு மணியிலிருந்து தவழ்ந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்த பத்துப் பாத்திகளில் ஒன்பதைத் தவழ்ந்தே முடித்துவிட்டார். ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் பாடப்புத்தகம், இரண்டு முழங்காலிலும் ஈரமண்.

அவர் தேடியது ஒரே ஒரு களை. அருகம்புல், கோரை, குப்பைமேனி என்று எதுவாக இருந்தாலும் சரி. தக்காளி காய்த்திருந்தது, கத்திரி பூத்திருந்தது, அவரை பந்தலேறியிருந்தது. களை மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

"என்ன சார், மோதிரம் எதுவும் விழுந்துடுச்சா?" என்று கேட்டபடி தோட்டக்காரர் வந்தார்.

"களை தேடுறேன் அண்ணே."

"நம்ம தோட்டத்துலயா?" தோட்டக்காரர் அவரைக் காய்ச்சல்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நல்லா தேடினீங்க போங்க. ஆபீஸ் ரூம்ல போய்ப் பாருங்க சார். வருஷத்துக்கு ஒண்ணுன்னு பதினோரு கேடயம் இருக்கு. களையே இல்லாத பள்ளித் தோட்டம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"அது எப்படி அண்ணே ஒண்ணுகூட விடாம?"

தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றி, தொடையில் தட்டி, மறுபடியும் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் சும்மா வர்றதில்ல சார்."

கெமிஸ்ட்ரி சார் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கேடயத்தால்தான் அவருக்கு ஆபத்து என்பதைத் தோட்டக்காரரிடம் எப்படிச் சொல்வது?

அவர் பதினான்கு வருடம் அமிலமும் காரமும் நடத்தியவர். இந்த வருடம் பாதியில் வேளாண் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனதும், தலைமை ஆசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டவர் இவர். "மண்ணுலயும் கெமிஸ்ட்ரி இருக்கு இல்ல சார்?" என்று கேட்டு, அறிமுக வேளாண் அறிவியலை அவர் தலையில் கட்டிவிட்டார். முதல் வாரம் மனிதர் அழாத குறை. அவருக்கு மண்வெட்டியில் எந்தப் பக்கம் பிடி என்று தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டே மாதத்தில் ஆள் மாறிப்போனார். கெமிஸ்ட்ரி வகுப்பில் கண் திறந்து தூங்கிய பிள்ளைகள் இங்கே மண்புழு எண்ணுவதற்கு அடித்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேரில் ஒருவரும் மட்டம் போடவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவர் நகக்கண்ணில் மண் இருந்தது, மனத்தில் நிம்மதி இருந்தது. இந்த வகுப்பை விட்டுவிட்டுப் பழையபடி சோதனைக் குழாயைக் கழுவப் போக அவருக்குத் துளியும் விருப்பமில்லை.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. செய்முறைத் தேர்வில் இந்த வருடம் புதிதாக ஒரு பகுதி. பள்ளித் தோட்டத்தில் வேரூன்றி நிற்கும் களைகளில் குறைந்தது பத்து வகைகளை மாணவர்கள் நேரில் அடையாளம் காட்ட வேண்டும். காட்டாத பள்ளியில் அடுத்த வருடம் இந்தப் பாடம் கிடையாது. பாடம் போனால் பாத்திகளும் போகும். அந்த இடத்தில் வண்டி நிறுத்த ஷெட் போடலாம் என்று நிர்வாகத்தில் ஏற்கெனவே நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்குத் தேர்வாளராக வரப்போகிறவர் வேறு யாருமில்லை, பாடத்திட்டத்தையும் பாடப்புத்தகத்தையும் எழுதிய பெரியவர். தேர்வுக்கு முப்பது நாள் இருந்தது.

"அண்ணே, ஒரு உதவி," என்றார் கெமிஸ்ட்ரி சார். "இன்னையிலேருந்து ஒரு மாசத்துக்கு நீங்க எதையும் புடுங்கக் கூடாது."

"புடுங்கக் கூடாதா?"

"முளைச்சா முளைக்கட்டும்னு விட்டுடணும்."

தோட்டக்காரர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பெரிய சோதனையா இருக்கே சார். சரி, உங்களுக்காகக் கையைக் கட்டிக்கறேன்."

அவர் சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கெமிஸ்ட்ரி சார் நாலாம் பாத்தியிலிருந்த காரட்டையெல்லாம் பிடுங்கி மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பாத்தியைச் சும்மா போட்டார். சும்மா கிடக்கும் நிலத்தில் களை தானாக மண்டும் என்று பாடப்புத்தகம் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் சத்தியம் செய்திருந்தது.

ஆறு நாள் ஆயிற்று. நாலாம் பாத்தி கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது.

சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழகிய கை சும்மா இருக்குமா? யாரும் பார்க்காத நேரத்தில் இந்த மனிதர் முளையிலேயே கிள்ளி எறிகிறாரோ? இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று இரண்டு நாள் வேவு பார்த்தார். தோட்டக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏதோ பாட்டை முணுமுணுத்தார், குழாயை மூடினார், போனார். குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் சந்தேகம் தீரவில்லை.

நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், தோட்டக்காரருக்கு இருபது நாள் லீவு குடுக்கணும்."

"அவர் கேக்கவே இல்லையே?"

"கேக்க மாட்டார் மேடம். அவ்வளவு நல்ல மனுஷன். பதினோரு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு முதுகு என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க."

தலைமை ஆசிரியை நினைத்துப் பார்த்தார். இரக்கம் வந்து கையெழுத்துப் போட்டார். செய்தி கேட்ட தோட்டக்காரர், "எனக்கு எதுக்கு சார் லீவு?" என்று வாயால் சொல்லிக்கொண்டே காலால் கேட்டைத் தாண்டியிருந்தார். மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

இனிமேல் களைக்கு எதிரி யாருமில்லை என்று கெமிஸ்ட்ரி சார் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் யாருமில்லை என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. அவரைக்கொடி அதற்குள் பந்தலிலேயே படுத்துவிட்டது. அவசர அவசரமாக மாணவர்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை குழாயைத் திறந்தவன், இருபது நிமிடம் கழித்து மூட வேண்டும் என்பதைத் திங்கட்கிழமை காலை நினைவுபடுத்திக்கொண்டான். ஐந்தாம், ஆறாம் பாத்திகள் குளமாகி, முள்ளங்கி அழுகி, தோட்டம் நாறியது.

பயிர் போயிற்று. களையும் வரவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுப் பழகியவர். அதனால் கணவரையும் முழுசாகப் புலம்ப விட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஏங்க, ஊருல எல்லாரும் களை வந்துடுச்சேன்னு அழுவாங்க. வரலையேன்னு சோறு இறங்காம உக்காந்திருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"உனக்குக் கிண்டலா இருக்கு."

"கிண்டல் இல்லைங்க. தானா வரலைன்னா வெளியிலேருந்து கொண்டாந்து நட வேண்டியதுதானே? அதுக்குப் பேரு என்ன, நாத்து நடறதா?"

கெமிஸ்ட்ரி சார் நிமிர்ந்தார். பதினான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் மனைவியின் யோசனையை அவர் உடனே ஒப்புக்கொண்டது அன்றுதான். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் அறிவித்தார். "ஆளுக்கு ஒரு களை. வேர் அறாம, மண்ணோட கொண்டு வரணும்."

இருபத்திரண்டு பேரும் கொண்டு வந்தார்கள். அதில் ஏழு அருகம்புல். இன்னும் ஆறு, வேறு கோணத்தில் பிடித்துக்கொண்டு வந்த அதே அருகம்புல். ஒருத்தி கொண்டு வந்தது கடையில் விற்கும் புதினாக் கட்டு. "அம்மா இதைத்தான் சார் குடுத்தாங்க, வேர் இருக்கு பாருங்க," என்றாள். மிச்சம் எட்டு வேறு வேறு செடி. அதில் கடைசி பெஞ்சுக்காரன் கொண்டு வந்தது ஊதாப் பூவோடு ரொம்ப லட்சணமாக இருந்தது. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் பெயர் தெரியவில்லை.

"எங்கடா புடிச்ச இதை?"

"வர்ற வழியில சார்."

சார் அந்த எட்டோடு ஓர் அருகம்புல்லையும் சேர்த்து, ஒன்பதையும் நாலாம் பாத்தியில் கயிறு பிடித்து வரிசையாக நட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஊதாப் பூவுக்கு, 'களை எண் 9, பெயர் ஆராய்ச்சியில் உள்ளது' என்று எழுதிக் குத்தினார்.

மதியம் தலைமை ஆசிரியை தோட்டத்தைப் பார்வையிட வந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்பதாவது அட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"சார், இது எங்கேருந்து வந்தது?"

"ரோட்டோரத்துல மேடம். எங்க பார்த்தாலும் மண்டிக் கெடக்கும். ரொம்ப மோசமான களை. கொஞ்சம் இடம் குடுத்தா வீட்டையே புடிச்சுக்கும்."

"இது என் மாமியார் வெளியூர்லேருந்து மடியில வச்சுக் கொண்டாந்த செடி," என்றார் தலைமை ஆசிரியை. "நாலு வருஷமா பொத்திப் பொத்தி வளர்த்தேன். இந்த மாசம்தான் பூத்தது. இன்னைக்குக் காலைல வரைக்கும் என் வீட்டு வாசல்ல இருந்தது."

கடைசி பெஞ்சுக்காரன் கொஞ்சம் கொஞ்சமாக அவரைக்கொடிப் பந்தலுக்குப் பின்னால் போனான். தலைமை ஆசிரியையின் வீடு பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

தலைமை ஆசிரியை செடியைத் தானே தோண்டி எடுத்தார். அட்டையையும் எடுத்துக்கொண்டார். "பரீட்சை முடியட்டும் சார். அப்புறம் இந்த இடத்தைப் பத்திப் பேசுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். கெமிஸ்ட்ரி சாரின் கண்ணுக்கு அந்த இடத்தில் வரிசையாக வண்டிகள் நிற்பது தெரிந்தது.

மிச்சம் எட்டு. அவை மறுநாளே தலையைத் தொங்கப் போட்டன. நடைபாதையின் கல் இடுக்கில், செருப்புக் காலடியில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கொழுத்து வளர்ந்த செடிகள், பதமான மண்ணும் வேளாவேளைக்குத் தண்ணீரும் கிடைத்ததும் சுருண்டுகொண்டன. சாருக்குள் இருந்த கெமிஸ்ட்ரி விழித்துக்கொண்டது. யூரியாவை மோல் கணக்கில் அளந்து, நீரில் கரைத்து, குடுவையால் ஊற்றினார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் செடிகளுக்கு மோல் கணக்கு தெரியவில்லை. இரண்டு கருகின.

"நிழல் கட்டிப் பாருங்க," என்றார் மனைவி. "பச்சைக் குழந்தைன்னு நினைச்சுக்கோங்க. ஒரே நேரத்துல எல்லாத்தையும் ஊட்டாதீங்க."

சார் பச்சை வலை வாங்கிப் பந்தல் போட்டார். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தார். மாணவர்கள் முறை போட்டுக் காவல் நின்றார்கள். இலை எத்தனை, உயரம் எத்தனை என்று தினமும் நோட்டில் எழுதினார்கள். கருகிய இரண்டுக்குப் பதில் மறுபடி கொண்டு வந்தார்கள். குப்பைமேனி ஒரு புது இலை விட்ட அன்று வகுப்பே கைதட்டியது. கோரை பூத்த அன்று சார் மனைவிக்குப் போன் செய்து சொன்னார். அவரும் வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். ஒன்பதாவதைச் சாரே தண்டவாள ஓரத்திலிருந்து கொண்டு வந்தார். பத்தாவதாக ஒரு நெருஞ்சி, மருந்துக்கடையின் பின்சந்திலிருந்து மனைவியின் கைப்பையில், மாத்திரை உறையில் உட்கார்ந்து வந்தது. பத்தும் நிமிர்ந்து நின்றபோது தேர்வுக்கு இரண்டே நாள்.

அன்றுதான் தோட்டக்காரர் லீவு முடிந்து, நன்றாகத் தேறி, கன்னம் உப்பித் திரும்பி வந்தார். பச்சைப் பந்தல், சீவிய வரப்பு, அட்டை, நடுவில் கம்பீரமாக நெருஞ்சி. வெகுநேரம் பார்த்தார்.

"சார், உடம்பெல்லாம் சரியா இருக்கா?"

"நல்லா இருக்கேன் அண்ணே. நீங்க இதைத் தொட மட்டும் வேண்டாம். பரீட்சை வரைக்கும் உங்க கையை இன்னும் கொஞ்சம் அடக்கிக்கோங்க."

"உங்களுக்காக அடக்கிக்கறேன் சார்," என்றார் தோட்டக்காரர்.

தேர்வு நாளன்று பெரியவர் வந்து சேர்ந்தார். நெடுநெடுவென்று இருந்தார். செருப்பைப் பாத்திக்கு வெளியே விட்டுவிட்டு மண்ணில் இறங்கியதைப் பார்த்ததுமே சாருக்குப் பாதி பயம் போய்விட்டது.

முதலில் நோட்டுகள். உலர்த்தி ஒட்டிய களைச் செடிகள், வேர் முதல் பூ வரை, ஆளுக்கு இருபது. முதல் பருவத்தில் பழைய வேளாண் ஆசிரியர் காலத்திலேயே பிள்ளைகள் முடித்து வைத்த வேலை. இருபத்திரண்டு நோட்டுகளையும் பெரியவர் பக்கம் பக்கமாகப் பார்த்து, "சுத்தமா ஒட்டியிருக்கீங்க," என்று கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லோரும் நாலாம் பாத்திக்கு நடந்தார்கள். பின்னால் தலைமை ஆசிரியை, அவருக்குப் பின்னால் தோட்டக்காரர்.

பெரியவர் பச்சைப் பந்தலைப் பார்த்தார். அட்டைகளைக் கழற்றச் சொன்னார். வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டார்.

"இந்தப் பாத்தியில களை எது, காட்டும்மா."

பெண் பாத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மூலையில் யாரும் நடாத ஒரு தக்காளிக் கன்று, அரையடி உயரத்தில் நின்றது. அதைக் காட்டினாள்.

"இது ஒண்ணுதான் சார்."

"அடிப்பாவி," என்று கெமிஸ்ட்ரி சாரின் உதடு மட்டும் அசைந்தது.

"தக்காளி களையா?" என்றார் பெரியவர்.

"நாம வேணும்னு வளக்குறதுக்கு நடுவுல, கேக்காம வந்து இடம் புடிக்கிறதுதான் களைன்னு நீங்கதானே சார் புஸ்தகத்துல எழுதியிருக்கீங்க? மத்த பத்தையும் நாங்க கஷ்டப்பட்டு வளத்தோம். இதுதான் கேக்காம வந்தது."

பெரியவர் தக்காளியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "சரி, அந்தப் பத்தோட பேரைச் சொல்லு," என்றார். அவள் மடமடவென்று சொன்னாள். அடுத்தவனைக் கேட்டார், அவனும் சொன்னான். கடைசி பெஞ்சுக்காரன் ஒவ்வொன்றும் எத்தனையாம் நாள் எத்தனை இலை விட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

பெரியவர் கெமிஸ்ட்ரி சார் பக்கம் திரும்பினார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. களை எங்கயாவது வரிசையில முளைக்குமா?"

பொய் சொல்ல நினைத்தார் சார். வரவில்லை. கேடயத்தில் தொடங்கி மாத்திரை உறை வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். ஒன்பதாம் நம்பரையும் விடவில்லை. தலைமை ஆசிரியை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான் சார். பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்த வகுப்பை மட்டும் எடுத்துடாதீங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு," என்று முடித்தார்.

பெரியவர் முதலில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு திறந்துகொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா எனக்குக் களை ஆராய்ச்சிதான் வேலை. களையை ஒழிக்க வழி கேட்டு எத்தனையோ பேர் வந்திருக்காங்க. களைக்குப் பந்தல் போட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். இந்தப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச அளவு களையைப் பத்தி என் ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தெரியாது." தலைமை ஆசிரியையிடம் திரும்பினார். "பாடம் இருக்கும்மா. வண்டியை வேற எங்கயாவது நிறுத்திக்கச் சொல்லுங்க."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவரைப் பந்தல் ஆடியது. கெமிஸ்ட்ரி சார் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்தார். எல்லோருக்கும் தெரிந்தது. தலைமை ஆசிரியைகூடச் சிரித்துவிட்டார்.

"ஆனா எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்," என்று பெரியவர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "பதினோரு வருஷம் ஒரு களை இல்லாத மண்ணுன்னா, அது என் ஆராய்ச்சிப் பண்ணையிலகூட நடக்காத காரியம். மருந்தடிச்ச தடமும் இல்ல. இதை எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் பாடமா எழுதிடப் போறேன். யாரு அந்தத் தோட்டக்காரர்?"

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். கெமிஸ்ட்ரி சார் அவரைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டு வந்தார். சந்தேகப்பட்டுத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. "சொல்லுங்க அண்ணே, எப்படிப் பண்ணீங்க?"

பெரியவரின் பேனா காத்திருந்தது. தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றினார். பெரியவர் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்திருந்த நோட்டுகளை ஒரு முறை பார்த்தார், அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

"அது உங்க பாடத்துல ஏற்கெனவே இருக்கு சார். ஆளுக்கு இருபது களையைத் தோட்டத்துலேருந்து வேரோட புடுங்கி நோட்டுல ஒட்டணும்னு நீங்க என்னைக்கு எழுதினீங்களோ, அன்னைலேருந்து இந்தப் பதினோரு வருஷமா நான் குனிஞ்சதே இல்ல."